விலகியவர்கள்: இல்லை

"மேடம், உங்க காலத்துல பெண்களுக்கு ஒதுக்கீடு இருந்ததா?" என்று தேர்தல் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் போன மாதம் என்னைத் தொலைபேசியில் கேட்டாள். பிஜியில் நகராட்சித் தேர்தல் நின்றுபோய்ப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. அது மறுபடி வரும்போது பெண்களுக்கென்று இத்தனை இடம் என்று வைக்கலாமா என்று பேசுவதற்குத் தலைநகர் சுவாவில் ஒரு ஹோட்டலில் கூட்டம். ஓய்வுபெற்றவர்களுக்குப் பேசப் பதினைந்து நிமிடமும் மதியச் சாப்பாடும் உண்டு என்றாள்.

"இருந்தது" என்றேன். "சட்டத்துல இல்ல. ஆம்பளைங்க எல்லாம் வெளிநாட்டுக்குப் போனதால இருந்தது."

அவள் சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கூட்டத்துக்குப் போனேன், திரையில் வண்ண வண்ணமாகக் கட்டங்கள் காட்டினார்கள், என் முறை வந்தபோது சாப்பாட்டு நேரமும் வந்துவிட்டது. அங்கே சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிஜியிலுள்ள நவுவாவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வந்தவர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் வீட்டில் ஹிந்தி பேசுகிறவர்கள். கொண்டுவந்த தமிழை இறக்கிவைக்க வேறு இடம் இல்லாமல் முழுவதையும் என் மேல் இறக்கிவைத்தார். அது பிற்காலத்தில் சர்க்கார் வேலைக்கு உதவும் என்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. இருபது வயதில் தட்டச்சராகச் சேர்ந்தேன். முதல் மூன்று வருஷங்களில் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: உறைகளில் முத்திரை வைக்கும் அரக்கை எவ்வளவு உருக்க வேண்டும், எவ்வளவு உருக்கினால் விரல் வேகும், வாக்காளர் பட்டியலில் ஒரே பெயரில் ஆறு பேர் இருந்தால் தகப்பன் பெயரை வைத்துப் பிரிப்பது, வேட்புமனு வாங்கும் மேஜையில் உட்கார்ந்தால் வாயைத் திறக்காமல் இருப்பது.

வாயைத் திறக்காமல் இருப்பதில் நான் சீக்கிரமே தேர்ந்துவிட்டேன். அதற்கு ஒரு சாட்சி உண்டு.

முதல் ராணுவக் கவிழ்ப்புக்குச் சில வருஷங்களுக்கு முன், கரும்பு ஆலை இருந்த ஒரு ஊரில் மனு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். சரோஜினி என்று ஒரு நர்ஸ் நகராட்சிக்கு மனு கொடுத்திருந்தாள். இரண்டு நாள் கழித்து அவளுடைய மாமனார் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, மருமகள் விலகிக்கொள்கிறாள் என்று ஒரு தாளைக் கொடுத்தார். நான் எழுந்து நின்று நாற்காலி போட்டேன். முத்திரை குத்தினேன். வாங்கிய நேரத்தைச் சிவப்பு மையில் எழுதினேன். அவர் என்னை ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் சரோஜினி வந்தாள். சீருடையோடு, ஷிஃப்ட் முடிந்து நேராக. "என்னை யார் விலக்கினது?" என்று கேட்டாள். தாளை எடுத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்ல கையெழுத்து" என்றாள். "என்னோடது இவ்வளவு அழகா இருக்காது."

ஒரு நகல் கேட்டாள். விதியில் இடமில்லை என்றேன். உண்மையிலேயே இடமில்லை, ஆனால் நான் அதைச் சொன்ன வேகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

கவிழ்ப்பு என்பதை எங்கள் ஊரில் எல்லோரும் ஆங்கிலத்தில் 'கூ' என்றுதான் சொல்வார்கள். தமிழில் அது குயில் போடும் சத்தம். முதல் கூ நடந்த வாரம் எங்கள் அலுவலகத்துக்குத் துப்பாக்கியோடு இரண்டு பேர் வந்தார்கள். அலமாரிகளில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். "பெயர்கள்" என்றேன். ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, நம்பி, மூடிவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகு என் வேலை பெயர்களை அடிப்பதாக மாறிவிட்டது. கூ இந்திய வம்சத்துக்காரர்களுக்கு எதிரானது என்பதால், எங்கள் ஜனங்கள் பிரிஸ்பேன், ஆக்லாந்து, வான்கூவர் என்று குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். போனவர்களின் பெயரின் மேல் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, ஓரத்தில் 'குடிபெயர்ந்தார்' என்று எழுதவேண்டும். என் சித்தப்பா குடும்பத்தை அடித்தேன். என்னோடு தட்டச்சு படித்த மூன்று பேரை அடித்தேன். ஒருநாள் சரோஜினியின் பெயர் வந்தது. கனடா. அவளையும் அடித்தேன். இந்தத் தடவை அவள் விருப்பத்தோடுதான் விலகியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு எனக்கு ஒன்றும் ஆறுதலாக இல்லை.

மிஸ்டர் விலியாமே எனக்கு மேலதிகாரியாக வந்தது அதற்கெல்லாம் பிறகு. லாவு தீவுக்காரர். சாம்பல் நிறத்தில் தைத்த சுலு வேட்டி, தோல் செருப்பு, சட்டைப் பையில் இரண்டு பென்சில். அவர் யாரிடமும் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. யாராவது வந்து கத்தினால் விதிப் புத்தகத்தை எடுப்பார், பக்கத்தைத் தேடுவார், புத்தகத்தை வந்தவர் பக்கமாகத் திருப்பி வைப்பார், ஒரு வரியின் கீழ் விரலை வைப்பார். பிறகு ஜன்னல் வழியே வெளியே பார்க்க ஆரம்பித்துவிடுவார். வந்தவர் படித்து முடிக்கும்வரை விரல் நகராது. அவசரப்படுத்தினால் ஒரே வார்த்தை: "மாலுவா." மெதுவாக, பார்த்துக்கொள்ளலாம் என்று பொருள். பிஜியில் இந்த வார்த்தையை வேலை செய்யாதவர்கள்தான் அதிகம் சொல்வார்கள். வேலை செய்வதற்காகச் சொன்ன ஒரே ஆள் அவர்.

இரண்டாயிரமாவது வருஷத்து மே மாதக் கூ முடிந்து இரண்டு வருஷத்துக்குப் பிறகு நகராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் இருவரையும் சுவாவிலிருந்து கப்பலில் போகவேண்டிய ஒரு சின்னத் துறைமுக ஊருக்கு அனுப்பினார்கள். ஊர்ப் பெயரை எழுதினால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்; ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். கொப்பரைக் கிடங்கு, படகுத்துறை, ஒரு மார்க்கெட், ஒரே ஒரு நீளத் தெரு. கடைகளில் பாதி பூட்டிக்கிடந்தன. முதலாளிகள் ஆஸ்திரேலியாவில் இருந்தார்கள்.

ஒரு கட்சி தலைமையிலிருந்து அந்த முறை வாக்குறுதி கொடுத்திருந்தது: ஒவ்வொரு ஊரிலும் தங்கள் வேட்பாளர்களில் ஒரு பெண்ணாவது இருப்பாள். உள்ளூர்க் கிளைச் செயலாளர் தயாளன், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், இதை ஒரு கஷ்டமாகவே எடுத்துக்கொண்டார். ஆனால் அவருக்கு இன்னும் பெரிய கஷ்டம் ஆண்கள் கிடைக்காதது. அவர் மனசில் வைத்திருந்தவர்கள் எல்லாம் விசாவுக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை மனு வாங்க ஆரம்பித்தோம். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு முடியும். அதற்குள் மனு கொடுக்கலாம், விலகலாம், கட்சி வேறு ஆளையும் போடலாம். பன்னிரண்டு அடித்த பிறகு எதுவும் கிடையாது.

முதல் ஆளாகத் தயாளன் வந்தார். கூடவே அவருடைய அண்ணன் மனைவி முனியம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும்; படகுத்துறைக்குப் பக்கத்தில் ரொட்டிக் கடை வைத்திருந்தாள். கப்பலுக்குப் போகிறவர்களுக்கு உருளைக்கிழங்குக் கறி வைத்துச் சுருட்டிய ரொட்டி. கணவர் தச்சு வேலைக்காரர். கூவுக்குப் பிறகு ஆக்லாந்துக்குப் போய் இரண்டு வருஷம். அவளைக் கூப்பிட்டுக்கொள்ளும் காகித வேலையைத் தம்பி தயாளன்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இருந்ததும் தயாளன் வீட்டில்.

மனுவில் அவள் பெயர் ஒரே சொல்லாகவும் பட்டியலில் இரண்டு சொல்லாகவும் இருந்தது. மிஸ்டர் விலியாமே அதைத் திருத்தி, தகப்பன் பெயரைச் சரிபார்த்து, முன்மொழிந்தவர்களை ஒவ்வொருவராகப் பட்டியலில் தேடிக் கண்டுபிடிப்பதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் தயாளன் தன்னுடைய கேமராவில் அவளை நான்கு படம் எடுத்துவிட்டார். புதன்கிழமைப் பத்திரிகையில் கட்சியின் பெண் வேட்பாளர்கள் என்று வரிசையாகப் படங்கள் வந்தன. கடைசிப் படம் முனியம்மா. கையில் மனு, முகத்தில் யாரோ கூப்பிட்டதுபோல ஒரு திகைப்பு.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்குத் தயாளன் மறுபடி வந்தார். இந்த முறை கூட வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர். ஊரே அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டது. தயாளன் மேஜையில் இரண்டு தாள்களை வைத்தார். ஒன்று மாஸ்டரின் மனு. இன்னொன்று முனியம்மாவின் விலகல்.

"குடும்பக் காரணம்" என்றார் தயாளன், ஹிந்தியில். "பொம்பளைங்க இல்லையா, மேடம். உங்களுக்குத் தெரியாததா."

விலகல் தாளில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கையெழுத்து அவளுடையதுதான், திங்கட்கிழமை மனுவோடு வைத்துப் பார்த்தேன், அதே கோணல், அதே நீண்ட கால். சாட்சிக் கையெழுத்தும் இருந்தது. கையெழுத்துகளுக்குச் சாட்சி போட சர்க்கார் அதிகாரம் கொடுத்திருந்த உள்ளூர்ப் பெரிய மனிதர், ஜே.பி. கோவிந்தசாமி, முத்திரையோடு போட்டிருந்தார். தேதி வியாழக்கிழமை, அதாவது முந்தைய நாள்.

ரப்பர் முத்திரையைக் கையில் எடுத்துவிட்டேன். மையில் தொட்டும்விட்டேன்.

அப்போதுதான் ஆட்டுக்கறி ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் கோவிந்தசாமி வீட்டில் விருந்து. சுவாவிலிருந்து வந்த சர்க்கார் ஆட்கள் என்று எங்களையும் கூப்பிட்டிருந்தார். வழியனுப்பு விருந்து. செவ்வாய்க்கிழமை காலை விமானத்தில் குடும்பத்தோடு நாந்தி விமான நிலையத்துக்குப் போய், அங்கிருந்து பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார். நிரந்தரமாக. நானே மாலை போட்டேன். அப்படிப்பட்ட மனிதர் வியாழக்கிழமை இந்த ஊரில் உட்கார்ந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஊரைவிட்டுப் போகும்போது அவர் ஊருக்கு விட்டுச்சென்ற சொத்து, கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்கள் என்பது பிறகு தெரிந்தது.

வாயைத் திறக்காமல் இருப்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை. முத்திரை கையில் இருந்தது. மை காய்ந்துகொண்டிருந்தது. "சார், ஜே.பி.யோட விருந்து நல்லா இருந்துச்சு இல்லையா?" என்றேன்.

மிஸ்டர் விலியாமே தாளை வாங்கிப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. விதிப் புத்தகத்தை எடுத்தார், பக்கத்தைத் தேடினார், தயாளன் பக்கம் திருப்பினார், விரலை வைத்தார். சாட்சி இல்லாத விலகல் செல்லாது. வேட்பாளர் நேரில் வந்து அதிகாரியின் முன்னால் கையெழுத்துப் போடலாம்.

"அவ்வளவுதானா?" என்றார் தயாளன். "எங்க பாபி, அண்ணிதானே. பத்து நிமிஷத்துல கொண்டுவர்றேன்."

அவரே காரை எடுத்துக்கொண்டு போய் அவரே அழைத்துவந்தார். பதினொன்று இருபது. முனியம்மாவின் இரண்டு முழங்கைவரை மாவு. காரில் வரும்போது என்ன பேச்சு நடந்தது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மிஸ்டர் விலியாமே ஒரு புதுப் படிவத்தை அவள் முன்னால் வைத்தார். "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள், ஹிந்தியில்தான்.

"அன்னைக்கு விசா காகிதத்தோட போட்டீங்களே பாபி, அதேதான்" என்றார் தயாளன். "மறுபடி போடுங்க. முடிஞ்சது."

"அது விசா காகிதம்னுதானே சொன்னீங்க?"

தயாளன் பேனாவின் மூடியைக் கழற்றி அவள் முன்னால் வைத்தார். அந்த வருஷங்களில் எங்கள் ஜனங்கள் விசாவுக்கு என்று சொன்னால் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார்கள். அவள் படிவத்தைப் பார்த்தாள். மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் கூரையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, நான் எதிர்பார்க்காத மொழியில் கேட்டாள்:

"அக்கா, நீங்க தமிழ்தானே?"

"ஆமா."

"எங்கம்மா பேசுவாங்க. ஏதோ கொஞ்சம் வரும்." மாவுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "இந்தக் கடுதாசில போட்டா என்னா ஆவும்?"

"ஓட்டுச் சீட்டுல உங்க பேரு வராது."

"போடலன்னா?"

"வரும்."

"எத்தினி மணி வரைக்கும் போடலாம்?"

"பன்னெண்டு. அதுக்கப்புறம் நீங்களே வந்து கேட்டாலும் எடுக்க மாட்டாங்க. சட்டம் அது."

ஆலோசனை சொல்லக்கூடாது என்பது எங்கள் மேஜையின் முதல் விதி. நான் ஆலோசனை சொல்லவில்லை, சட்டத்தைத்தான் சொன்னேன். ஆனால் சொல்லும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"என்ன பேச்சு இது?" என்றார் தயாளன். அவருக்குத் தமிழ் வராது. அவருடைய தகப்பன் காலத்திலேயே வீட்டைவிட்டுப் போய்விட்ட மொழி.

"என்ன கேட்கிறார்?" என்றார் மிஸ்டர் விலியாமே.

"விதியைக் கேக்குறாங்க, சார். சொன்னேன்."

"முழுவதும் சொன்னாயா?"

"இல்ல, சார்."

"முழுவதும் படித்துச் சொல்."

விலகல் சம்பந்தப்பட்ட விதிகள் ஆறு பக்கம். "சார், அவங்களுக்கு ஹிந்தி நல்லாத் தெரியும்! எனக்குத் தெரியாதா?" என்று தயாளன் எழுந்துவிட்டார். மிஸ்டர் விலியாமே புத்தகத்தில் இன்னொரு பக்கத்தைத் தேடித் திருப்பி வைத்தார். வேட்பாளர் கேட்டால் அவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். எந்த மொழி என்பதை வேட்பாளர்தான் சொல்வார். "மாலுவா" என்றார்.

என் அப்பா சொல்லிக்கொடுத்த தமிழில் இந்தச் சங்கதிகள் எதற்கும் வார்த்தை கிடையாது. ஒவ்வொரு வரியையும் உடைத்து, தேடி, சேர்த்துச் சொன்னேன். முனியம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். நடுநடுவே சந்தேகம் கேட்டாள். முதலில் கேட்டவை உண்மையான சந்தேகங்கள். வேட்பாளர் செத்துப்போனால் என்ன ஆகும் என்று கேட்டபோது, அவள் எங்கே போய்க்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அதற்கும் ஒரு பத்தி இருந்தது. அதையும் படித்தேன்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தயாளன் கைத்தொலைபேசியை எடுத்து ஆக்லாந்தைக் கூப்பிட்டார். இரண்டு வார்த்தை பேசிவிட்டு அதை அவள் கையில் திணித்தார். மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே அந்தக் குரல் கேட்டது. வார்த்தைகள் கேட்கவில்லை, கோபம் கேட்டது. நடுவில் ஒரு தடவை 'ஸ்பான்சர்' என்பது தெளிவாகக் கேட்டது. அவள் இரண்டு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்த வார்த்தை. அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. பேனா அவளுக்கு முன்னால் இருந்தது. அவள் அதை எடுத்தாள்.

நான் விதியைப் படிப்பதை நிறுத்தினேன். எனக்குள்ளே சரோஜினியின் மாமனார் கோட்டை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேனாவைக் கீழே வை என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியாது. அவள் வீடும் புருஷனும் அந்தத் தொலைபேசியில் இருந்தார்கள், என்னுடையவை சுவாவில் பத்திரமாக இருந்தன.

அவள் தொலைபேசியில் ஹிந்தியில் சொன்னாள்: "நான் வேலையா இருக்கேன். அப்புறமாக் கூப்பிடுங்க."

பேனாவை வைத்தாள். பிறகு என்னிடம் தமிழில், "அஞ்சாம் பக்கத்துல ஏதோ சொன்னீங்களே, அது வெளங்கல" என்றாள்.

ஐந்தாம் பக்கத்தை முதலிலிருந்து படித்தேன். தயாளன் கத்தினார், கெஞ்சினார், மிஸ்டர் விலியாமேயின் மேலதிகாரிகளின் பெயர்களைச் சொன்னார். மிஸ்டர் விலியாமே ஜன்னல் வழியாகத் துறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு அடித்ததும் எழுந்தார். கதவைச் சாத்தினார். ரிஜிஸ்டரை இழுத்து, பென்சில் அல்ல, மைப்பேனாவால் எழுதினார்: விலகியவர்கள், இல்லை. ஒரு கட்சிக்கு ஒரு வார்டில் ஒருவர்தான் என்பதால் மாஸ்டரின் மனுவை, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

மார்க்கெட் வரை நான் அவளோடு நடந்தேன். "நான் செஞ்சது சரிதானா அக்கா?" என்றாள்.

"அதை நான் சொல்லக் கூடாது."

"இத்தினி நேரம் சொன்னீங்களே."

எனக்கு வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. ஏன் போடவில்லை என்று கேட்டேன். அவள் ஒரு பூட்டிய கதவைக் காட்டினாள். மார்க்கெட்டில் பெண்களுக்கு இருந்த ஒரே கழிவறை. சாவி நகராட்சி அலுவலகத்தில் இருந்தது. அலுவலகம் எட்டு மணிக்குத் திறந்து நாலரைக்குப் பூட்டும், சனிக்கிழமை திறக்காது. கிராமங்களிலிருந்து தாலோக்கிழங்கும் கீரையும் கொண்டுவரும் பெண்கள் விடிவதற்கு முன்பே வந்துவிடுவார்கள். சனிக்கிழமைதான் பெரிய சந்தை.

"புதன்கெழம பேப்பர்ல படம் வந்துச்சில்ல, இவங்க எல்லாம் கடைக்கு வந்துட்டாங்க" என்றாள். "ஒரு கெழவி, மேல கிராமத்துக்காரி, என் கையப் புடிச்சிக்கிட்டு, இனிமே சாவி நம்ம கையிலன்னு சொல்றா. நானும் ஆமான்னுட்டேன். அவங்க சும்மாக் காட்டறதுக்குப் போட்ட படம், இவங்க நம்பிட்டாங்க. நான் என்னா பண்றது?"

அந்தக் கிராமத்துப் பெண்களுக்கு நகராட்சித் தேர்தலில் ஓட்டே கிடையாது. எல்லைக்கு வெளியே வசிப்பவர்கள். நம்பியவர்களுக்கு ஓட்டு இல்லை, ஓட்டு இருந்தவர்களுக்கு அவளைத் தெரியாது. அவர்கள் சின்னத்தைப் பார்த்து எப்போதும்போல ஓட்டுப் போட்டார்கள். முனியம்மா ஜெயித்தாள். முடிவு அறிவித்த இடத்தில் தயாளன் அவளுக்கு மாலை போட்டு, பெண்களுக்கு இடம் கொடுத்த முதல் கட்சி எங்கள் கட்சி என்று பேசினார். அதற்கு மூன்று வாரம் முன்பே அவள் துணிமணிகளைக் கடைக்குக் கொண்டுவந்து போட்டவர் அவர்தான். ரொட்டிக் கடையின் பின்னறையில்தான் கவுன்சிலர் குடியிருந்தாள். மாஸ்டர் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவருக்கு ஓட்டுப்பதிவுக்கு முந்தைய வாரம் கனடா விசா வந்துவிட்டது. அவருடைய பெயரையும் நான்தான் அடித்தேன்.

அதன் பிறகு அவளைப் பற்றிக் கேள்விப்பட்டதெல்லாம் அந்த ஊருக்கு வேலையாகப் போய்வந்தவர்கள் மூலமாகத்தான். முதல் கூட்டத்தில் அவளைப் பூந்தொட்டிக் குழுவில் போட்டார்களாம். டீ கொண்டுவரச் சொன்னார்களாம். கொண்டுவந்தாளாம், அவரவர் குடித்ததற்கு ஒரு பில்லோடு. சாவிக்கு ஐந்து மாதம் ஆனது. ஐந்து மாதமும் ஒவ்வொரு கூட்டத்திலும் அதே ஒரு கேள்வி. கடைசியில் நகராட்சித் தலைவர் சலித்துப்போய்ச் சாவியை மேஜையில் தூக்கிப் போட்டார். மறுநாள் விடிகாலை அவளே போய்த் திறந்தாள். அடுத்த தேர்தலில் அவளைத் தயாளன் விலக்கப் பார்க்கவில்லை. அவர் அப்போது ஆக்லாந்தில் இருந்தார்.

புருஷன் இரண்டு வருஷம் பேசவேயில்லை. ஸ்பான்சர் காகிதம் வரவில்லை.

பிறகு இன்னொரு கூ வந்தது. கொஞ்ச காலத்தில் நகராட்சிகளைக் கலைத்து, ஊருக்கு ஒரு நிர்வாகியை நியமித்தார்கள். ஆண் கவுன்சிலர், பெண் கவுன்சிலர் என்ற வித்தியாசம் பிஜியில் அன்றைக்கு ஒரே நாளில் முழுமையாக ஒழிந்தது. ஐம்பத்தைந்து வயது ஆன சர்க்கார் ஊழியர்கள் வீட்டுக்குப் போகலாம் என்றும் ஒரு ஆணை வந்தது. எனக்கும் மிஸ்டர் விலியாமேவுக்கும் ஒரே நாளில் கடிதம். அவர் தன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார், ஒரு இலக்கணப் பிழையைப் பென்சிலால் வட்டமிட்டார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். லாவுக்குப் போனவர் திரும்பவில்லை. நான்கு வருஷம் கழித்து அங்கேயே காலமானார். அன்றைக்கு அவர் தெரிந்துதான் முழுவதும் படிக்கச் சொன்னாரா என்று நான் ஒருபோதும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விதிப் புத்தகத்தைத்தான் திருப்பிக் காட்டியிருப்பார்.

ஹோட்டல் கூட்டத்தில் ஒதுக்கீடு வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு பக்கமும் நன்றாகப் பேசினார்கள். நான் வேண்டும் என்கிற பக்கம். பெயர் ஒன்று தாளில் ஏறினால்தான் மற்றதெல்லாம். ஆனால் ஏற்றிய பெயர் பன்னிரண்டு மணிவரை அந்தத் தாளிலேயே இருக்கிறதா என்று பார்க்க, மேஜைக்குப் பின்னால் ஒரு ஆள் வேண்டும். அதற்கு எந்தக் கட்டமும் திரையில் இல்லை.

ஓய்வுபெற்ற அடுத்த வருஷம் நானாகவே கப்பல் ஏறி அந்த ஊருக்குப் போனேன். துறையில் இறங்கியதும் ரொட்டிக் கடை. முன்பைவிடப் பெரிது. அடுப்புக்குப் பக்கத்தில் முனியம்மா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். முன்னால் மேஜை துடைத்துக்கொண்டிருந்தவர் அறுபது வயதுக்காரர், மெலிந்தவர், தச்சர்களுக்கு இருப்பதுபோல் ஒரு விரல் நுனி இல்லை. விசா முடிந்தும் தங்கியிருந்ததற்காக ஆக்லாந்திலிருந்து விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்களாம். அது பிறகு முனியம்மா சொன்னது. நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டு, தண்ணீர் வைத்து, எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தார். சுவா என்றேன்.

"நான் கவுன்சிலரோட வீட்டுக்காரர்" என்றார், நெஞ்சை நிமிர்த்தி. "மார்க்கெட்ல ஏதாவது குறை இருந்தா எங்கிட்ட சொல்லுங்க, நான் உள்ள சொல்லிடறேன்."

நகராட்சியைக் கலைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வாழ்நாள் முழுவதும் பதவிகளையும் பெயர்களையும் சரிபார்த்தே பிழைத்தவள் நான். திருத்தவில்லை. ஒரு ரொட்டி கேட்டேன்.